விசாரிக்க வந்த அருவி

மூக்குத்தி அருவி சாமுடியைப் பார்க்க அவன் வீட்டுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். படுத்திருப்பவர்களை விசாரிக்கச் செவ்வாயில் போகக்கூடாது என்பது எங்கள் மலையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அருவிக்கு யார் கிழமை சொல்லிக் கொடுத்தார்கள், ஊர் உண்டான காலத்திலிருந்து ஒரே பாறையில் விழுந்துகொண்டிருந்த அதற்கு எல்லா நாளும் ஒரே நாள்தானே என்று நினைத்து, எங்கள் ஊரான சேங்காட்டூரில் யாரும் அதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பார்த்தவள் சாமுடியின் பெண்டாட்டி பச்சையம்மா. சாம்பல் கொட்டப் பின்பக்கம் போனவள், பலாமரத்துக்கும் வீட்டின் பின்சுவருக்கும் நடுவில், கூரைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், பாறை என்று எதுவும் இல்லாத வெறும் ஆகாயத்திலிருந்து அருவி விழுந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். அதன் ஆர்ப்பாட்டமெல்லாம் ஊரறிந்தது, ஆனால் அன்றைக்கு அது அடுத்தவர் வீட்டில் நிற்கிற கூச்சத்தோடு உடம்பை ஒடுக்கிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, காய்கிற துணிமேல் தெறித்துவிடாமல் நின்றது. வெறுங்கையோடும் வரவில்லை. அது விழுந்த இடத்தில் நாலைந்து கல்நண்டுகள் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"வா," என்றாள் பச்சையம்மா. "வந்ததே பெருசு. உள்ள கூப்பிடணும், ஆனா வூடு சின்னது. இங்கயே இரு, கஞ்சி கொண்டாறேன்."

ஒரு சொம்பு சாமைக் கஞ்சியைக் கொண்டுவந்து அருவிக்குக் கீழே வைத்தாள். சொம்பு ஒரு நொடியில் கழுவிக் கவிழ்த்ததுபோல் ஆனது. குடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாமுடி யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஜவ்வாது மலையில், பேருந்து திரும்புகிற கடைசி ஊருக்கும் அப்பால் இருக்கிற எங்கள் ஊருக்கு, பெரிய மலைவாசத்தலங்களின் கூட்டத்தில் இடிபட்டு அலுத்துப்போன நாலு பேர், யாரோ சொன்னார்கள் என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டுகிறவன் சாமுடி. முதலில் குள்ளர் வீடுகள், அதாவது நாலு பலகைக் கல்லை நிறுத்தி ஐந்தாவதை மேலே மூடிய பழங்காலத்துக் கல்லறைகள், அப்புறம் வில்லோடு நிற்கிற வீரனின் நடுகல், அப்புறம் தேன்கூடு தொங்குகிற பாறை, கடைசியில்தான் அருவி. அருவியை முதலிலேயே காட்டிவிட்டால் கல்லை எவன் பார்ப்பான் என்பது அவன் கட்சி. இருபது வருஷமாக அந்தப் பாறையின் உச்சியில் கால் வைத்து நின்று, கீழே நிற்கிறவர்களுக்கு உயரம் தெரியட்டும் என்று கையை ஆட்டிக் காட்டுவான். அந்தக் கால்தான் போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் வழுக்கியது.

மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி அவனைக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எலும்பு கூடிவிட்டது, இனி மெல்ல எழுந்து பழகினால் நடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த சாமுடி கட்டிலில் பின்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன்தான், பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சு நின்றது, பிறகு சாப்பாடு குறைந்தது. எலும்பு கூடிய ஆளை இந்தச் சுவர் தின்றுவிடும் என்று பச்சையம்மா பயந்தாள், வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

"மாமா," என்றாள் அன்றைக்குக் காலையில். "உன்னப் பாக்க வந்திருக்குது."

"யாரு?" என்றான், சுவரைப் பார்த்தபடியே.

"மூக்குத்தி."

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சாமுடி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

"நான் வூட்டுல இல்லன்னு சொல்லு."

எத்தனை பகையாளியாக இருந்தாலும் ஒருவர் படுத்துவிட்டால் போய் விசாரிக்க வேண்டும், விசாரிக்க வந்தவரை முகம் பார்த்துப் பேசி, முடிந்தால் ஊர் எல்லைக்கல் வரைக்கும், முடியாவிட்டால் வாசல் வரைக்கும், அதுவும் முடியாவிட்டால் கட்டிலில் கிடந்தபடியே "போயிட்டு வா" என்று சொல்லியாவது அனுப்ப வேண்டும், அனுப்பாமல் வந்தவர் கிளம்பக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். இந்த வழக்கத்தினால் சில வீடுகளில் விருந்தாளிகள் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டதும் உண்டு. ஆகவே அருவி காத்திருந்தது.

ஊர் அதைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு மதியமே பெண்கள் குடத்தோடு பின்பக்கம் வரிசை கட்டினார்கள், சாயங்காலம் பிள்ளைகள் குளித்தார்கள், மறுநாள் டீக்கடைக்காரர் முச்சந்தியில் இருந்த 'மூக்குத்தி அருவி' என்ற அம்புக்குறிப் பலகையைச் சாமுடியின் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, என்னமோ பலகை எழுதியவரே தவறு செய்துவிட்டதுபோல் கையைத் தட்டிக்கொண்டு போனார். போனில் இருந்த மேப்பை நம்பி நேராக மேலே போன வேலூர்த் தம்பதி ஒன்று, அங்கே பாறை மூக்குத்தி கழற்றிய மூக்கைப்போல ஒரு சின்னத் துளையோடு காய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்கிவந்து, பலாமரத்தடியில் அருவியைப் பார்த்தது. அந்த அம்மாளுக்கு எல்லாம் பிடித்திருந்தது, பின்னால் பாறை இல்லாமல் போட்டோ எடுப்பாக வரவில்லை என்பதுதான் குறை. பக்கத்து வீட்டுக்காரியோ அருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, தன் கோழிகளுக்குச் சளி பிடித்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தாள்.

பச்சையம்மா அருவி கொண்டுவந்த நண்டுகளை இடித்து, மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு ரசம் வைத்தாள். சாமுடி சுவரைப் பார்த்தபடியே வாங்கி ஒரு மடக்குக் குடித்தான், இன்னொரு மடக்குக் குடித்தான், அவன் தொண்டை அசைவதைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏது நண்டு?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வராது.

"அது கொண்டாந்தது."

கிண்ணத்தைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டான். ஆனால் தள்ளும்போது கிண்ணத்தில் பாதிதான் இருந்தது, மற்றப் பாதி வயிற்றுக்குள் போனதை அவள் மறுபடி மறுபடி நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

மூன்று நாள் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. கீழ்க்கொல்லைகளில் நட்ட நெல், அருவியிலிருந்து இறங்கும் ஓடையை நம்பி நின்றது, இப்போது ஓடை வறண்டு தண்ணீரெல்லாம் சாமுடி வீட்டுப் பின்பக்கத்திலிருந்து தெருவழியாக ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மாடுகள் பழைய இடத்தில் போய்க் கல்லை நக்கிவிட்டுத் திரும்பின.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சும்மாவா சொன்னாங்க, பச்சையம்மா? போகச் சொல்லும்மா."

"பாக்க வந்தது இன்னும் ஆளயே பாக்கல கவுண்டரே. மொகம் பாக்காத நாளெல்லாம் கணக்குல வருமா?"

அது நியாயமான பேச்சு என்று கவுண்டருக்கும் தெரிந்தது. ஆனால் நெல்லுக்கு நியாயம் தெரியாதே என்று முனகிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சாமுடி, ஒரு வார்த்த சொல்லி அனுப்புடா. ஊரு காயுது."

"நான் யாரையும் கூப்பிடல," என்றான் சாமுடி சுவரிடம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தார்கள். வீட்டுக்காரன் அனுப்பாவிட்டால் ஊரே சேர்ந்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்து, மேளம் வைத்து, தேங்காய் உடைத்து, பெண்கள் ஆரத்தி சுற்றி, "போயிட்டு வா தாயே" என்று கவுண்டர் கும்பிட்டுக் கூப்பிட, எல்லோரும் முன்னால் நடந்தார்கள். வழியனுப்பும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் எல்லைக்கல் வரைக்கும் ஒருவர்கூடத் திரும்பவில்லை, மேளச் சத்தத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. எல்லைக்கல்லில் நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பினால் பின்னால் யாருமே இல்லை, ஒரு நாய் மட்டும் நின்றுகொண்டிருந்தது. யாரையும் அனுப்பாமல் அனுப்பிவிட்டு வந்த மேளக்காரர்கள் அன்றைக்கு ஊருக்குள் வராமல் அப்படியே கொல்லை வழியாக வீட்டுக்குப் போனார்கள்.

இதற்குள் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அருவி எவ்வளவு ஒடுங்கி நின்றாலும் தண்ணீர் தண்ணீர்தான், தெறித்துத் தெறித்துப் பின்சுவர் ஊறிக்கொண்டிருந்தது. அது மண் சுவர். கவுண்டர் அதைக் கவனித்து, கோபத்தில் இருந்தாலும் மனசு கேட்காமல், ஆள் அனுப்பிச் சுவர்மேல் நீளமாக ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போனார். அவர்கள் போனதும் பச்சையம்மா பின்பக்கம் போய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூரை மரக்கால்களில் நிற்கிறது, விழாது. சுவர் விழும். அவளும் சாமுடியும் சேர்ந்து மண் மிதித்து எழுப்பிய சுவர் அது, அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணமான வருஷம். சுவர் இருந்தால் அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்பது அவளுக்குத் தெரிந்தது. தார்ப்பாயின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்து, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். கோழிக்காரி அதற்காக அவளை மன்னித்தாள் என்பது தனிக்கதை.

அருவியிடம் வந்து, "மெதுவா," என்று மட்டும் சொன்னாள்.

சுவர் இரண்டு நாள் கழித்துப் பலபலவென்று விடிந்துகொண்டிருந்தபோது விழுந்தது. இடிந்தது என்று சொல்ல முடியாது, ஊறிய ரொட்டி மாதிரி மேலேயிருந்து மெல்லக் குனிந்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, பலாமரத்தடியில் படுத்துக்கொண்டது. கட்டிலில் கிடந்த சாமுடிக்கு மூக்கு நுனியில் இருந்த சுவர் போய், அங்கே வெளிச்சமும் தண்ணீருமாக நின்றது. திரும்பிப் படுக்கலாம் என்றால் இந்தப் பக்கம் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடலாம் என்றால் சாரல் வந்து இமையில் விழுந்தது.

பார்த்துவிட்டான். பார்த்தவன் முதலில் திட்டினான். எங்கள் மலையில் இருக்கிற எல்லா வசவையும் வரிசையாகச் சொல்லித் திட்டினான், நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன், எந்த ஊர்க்காரன் வந்தாலும் உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதுண்டா, தண்ணி குறைஞ்ச மாசத்துலகூடப் போன வாரம் வந்திருந்தீங்கன்னா பாத்திருக்கணும்னு சொல்லி உன் மானத்தக் காப்பாத்தலியா, என் காலுக்குக் கீழ நீ ஏன் வழுக்கினே என்று கேட்டு, இரண்டு மாதமாகப் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் பேசித் தீர்த்தான். அருவி விழுந்தபடியே கேட்டுக்கொண்டது. அது என்ன சொல்லும்? வழுக்குவது பாசி, விழுவது தண்ணீர், அதற்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மூச்சு வாங்க நிறுத்தினபோதுதான் சாமுடி அதைச் சரியாகப் பார்த்தான். இருபது வருஷமாகத் தினமும் பார்த்த கண் அல்லவா. பாறையில் நாலு ஆள் அகலத்துக்கு விழுகிற அருவி, ஒரு முழத் துணி அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. அவன் குரல் மாறிவிட்டது.

"இன்னா, இப்படி எளைச்சுப் போயிட்டே?"

படுத்திருப்பவனைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. படுத்திருந்தவன் கேட்டான். பச்சையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சத்தம் வராமல் அழ நினைத்தாள், முடியவில்லை.

"கவுண்டரக் கூப்பிடு," என்றான் சாமுடி. "எல்லைக்கல்லு வரைக்கும் பத்தாது. அது வூடு வரைக்கும் நானே கொண்டுபோய் வுடணும். நாலு ஆளு வேணும்."

எங்கள் மலையில் டோலி என்றால் கீழே போவது. பிரசவம், பாம்புக்கடி, முறிந்த எலும்பு எல்லாம் கீழேதான் போகும், சில சமயம் திரும்பி வரும், சில சமயம் வராது. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு டோலி ஊரைத் தாண்டி மேலே ஏறியது. நாலு பேர் தூக்க, பச்சையம்மா பக்கத்தில் நடக்க, அருவி பின்னால் விழுந்துகொண்டே வந்தது, அதற்கும் பின்னால் குடையோடு ஊர் வந்தது.

குள்ளர் வீடுகள் பக்கம் வந்ததும் சாமுடி டோலியை நிறுத்தச் சொன்னான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவன் அருவியைத் திரும்பிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நீ இதெல்லாம் பாத்திருக்க மாட்ட. அங்கயே நின்னுக்கினு இருந்தா எப்படிப் பாப்ப? உன்னப் பாக்க வர்றவன் எல்லாம் இதப் பாத்துட்டுதான் வர்றான். இதோ, இந்த ஓட்ட வழியாப் பாரு. படிச்சவங்க பொணத்தப் பொதச்ச எடம்னு சொல்றாங்க, எங்க ஊருல குள்ளருங்க குடியிருந்த வூடும்பாங்க. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. மழ வந்தா ஆடுங்க உள்ள போய் ஒண்டிக்கும், அது தெரியும்."

அருவி குனிந்தது. பலகைக் கல்லில் இருந்த வட்டத் துளை வழியாக உள்ளே புகுந்து, மூலை மூலையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் காய்ந்த ஆட்டுப் புழுக்கையோடு வெளியே வந்தது. நடுகல்லிடம் தன் வேகத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு தூறலாகத்தான் நின்றது. மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன், அவன் காலடியில் அவனுடைய நாய், ஈரம் பட்டதும் கல்லில் தேய்ந்துபோன எழுத்துகள்கூடத் தெளிந்து எழுந்தன. சாமுடி சொல்லச் சொல்ல அருவியோடு சேர்ந்து ஊரும் வாய் பிளந்து கேட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் கல்லில் கயிறு காய வைத்தவர்கள் நாங்கள், எங்களுக்கு யார் சுற்றிக்காட்டியிருக்கிறார்கள்? தேன்பாறையில் மட்டும் தள்ளி நிற்கச் சொன்னான், தேனீக்கு விருந்தாளி வித்தியாசம் தெரியாது என்று.

பாறைக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். டோலியை இறக்கி வைத்தார்கள். அருவி பாறைக்குக் கீழே வந்து நின்றது. சாமுடி அதன் முகத்தைப் பார்த்தான், அருவிக்கு எது முகம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"போயிட்டு வா," என்றான். "ரொம்ப வந்துராத, வூடு தாங்காது. நானே வர்றேன்."

அருவி ஏறியது. கீழேயிருந்து மேலாகப் பாறையை நனைத்துக்கொண்டு போய், உச்சியில் இருந்த துளைக்குள் ஒருமுறை மறைந்து, பிறகு நாலு ஆள் அகலத்துக்குத் தன் பழைய ஆர்ப்பாட்டத்தோடு இறங்கியது. ஓடையில் தண்ணீர் திரும்பிய சத்தம் கேட்டதும் கவுண்டர் துண்டை எடுத்துத் தலைக்குமேல் சுற்றினார், அவர் வயதுக்கு அது அதிகம். ஊரே கூச்சல் போட்டது.

சாமுடி கூச்சல் போடவில்லை. அவன் பச்சையம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சற்றுத் தள்ளி, தலை முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல், கழுத்தை வளைத்து உச்சியைப் பார்த்தாள், பிறகு கண் மெல்ல இறங்கி அடிவரைக்கும் வந்தது, நம்பாமல் மறுபடி உச்சிக்குப் போனது. அந்தப் பார்வையை அவன் ஆயிரம் முகங்களில் பார்த்திருக்கிறான். முதன்முதலாக வருகிறவர்கள் மட்டுமே அப்படிப் பார்ப்பார்கள்.

"ஏம்மே," என்றான். "நீ இங்க வந்ததே இல்லியா?"

"எங்க வர்றது?" கண்ணை எடுக்காமலே சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. "நீ கூட்டிக்கினு வர்றவங்க எறங்கறதுக்குள்ள களி கிண்டி வெக்கணும். அவங்க போனா சட்டி கழுவணும். அப்புறம் இருட்டிடும்."

எத்தனை ஊர், எத்தனை முகம், எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் வந்தவர்களை அவன் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அவன் அழுதான், ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டோலியின் மூங்கிலை உருவித் தரச் சொன்னான்.

"எல்லாரும் எறங்குங்க. சாயங்காலமா நாலு பேரு வந்தாப் போதும்."

"இருந்து இன்னாடா பண்ணப் போற?" என்றார் கவுண்டர்.

"ஒரு ஆளுக்குச் சுத்திக் காட்டணும். நின்னுக்கினுதான் சொல்லுவேன், தூக்கி வுடுங்க."

தூக்கி நிறுத்தினார்கள். இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டான், தொடை நடுங்கியது, விழவில்லை. பச்சையம்மா பிடிக்க ஓடிவந்தாள். வேண்டாம் என்று தலையசைத்து, வருகிறவர்களை உட்கார வைக்கிற தட்டைப் பாறையைக் காட்டினான். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக வந்தவர்கள் உட்காருவதுபோல் கொஞ்சம் கூச்சத்தோடு, புடவையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாமுடி அவளைப் பார்த்துக் கும்பிட முடியாமல், மூங்கிலைப் பிடித்த கையோடு தலையை மட்டும் தாழ்த்தினான்.

"வணக்கம்மா," என்றான். "எங்கருந்து வர்றீங்க?"

பச்சையம்மா அவனைப் பார்த்தாள், அருவியைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள்.

"பக்கத்துலருந்துதாங்க," என்றாள்.